முற்றுகையும் மீட்பும்: புனித ஜார்ஜ் கோட்டை முற்றுகையில் (1758–59) செங்கற்பட்டுப் படையின் பங்கு

ஆய்வுச்சுருக்கம்

1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுப் படைத்தலைவர் லாலி சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டார். பிப்ரவரி 16ஆம் நாள் மாலை ஆங்கிலேயக் கப்பல்கள் கடலில் தோன்றியதும் முற்றுகை நீங்கியது என்பதே பொதுவாக வழங்கும் கூற்று. கப்பல்களின் வருகை முற்றுகையின் முடிவைக் குறித்ததேயன்றி, அம்முடிவை உருவாக்கிய காரணம் அது ஒன்றே அன்று என இக்கட்டுரை வாதிடுகிறது. செங்கற்பட்டை நிலைக்களனாகக் கொண்டு இயங்கிய படை, முற்றுவோரின் உணவையும் ஆளையும் காலத்தையும் குறைத்தமையால்தான் கப்பல்கள் வந்தடையும்வரை கோட்டை நிலைத்தது. இக்கருத்து, அடுத்து நிகழ்ந்த புதுச்சேரி (1760–61), மதுரை (1763–64) முற்றுகைகளோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்படுகிறது. மதிலுக்கு வெளியே வாழ்ந்த மக்களை எந்த மீட்பும் எட்டவில்லை என்பதும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: முற்றுகை, மீட்பு, உழிஞை, நொச்சி, லாலி, யூசுப்கான், செங்கற்பட்டு, கறுப்பர் நகரம்.

1. முன்னுரை

தமிழ்ப் புறப்பொருள் மரபு, அரண்போரை விரிவாக வகைப்படுத்திய மரபாகும். தொல்காப்பியம் அதனை உழிஞைத் திணையுள் அடக்கி, மருதத்திற்குப் புறனாக வைத்தது. பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை, எயிலை வளைத்தலை உழிஞை என்றும் எயிலைக் காத்தலை நொச்சி என்றும் இருவேறு திணைகளாகப் பிரித்தது. இரு நூல்களிலும் போரின் அமைப்பு முற்றுவோன், காப்போன் என்னும் இருவரை மையமாகக் கொண்டது. தொல்காப்பியர் அவர்களை முறையே புறத்தோன், அகத்தோன் எனக் குறிப்பார்.

பீரங்கிக் காலத்து முற்றுகைகளை ஆராயும்போது இவ்விருவரோடு மூன்றாம் ஒருவனையும் கருத வேண்டியுள்ளது. மதிலுக்கு உள்ளேயும் இல்லாமல், மதிலை வளைத்தும் நில்லாமல், முற்றுவோனின் முதுகுப்புறத்தே நிற்பவன் அவன். முற்றுகை வரலாறுகளில் அவனுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் சிறிது. மதிலின்மேல் நின்றவர்களும் கப்பலில் வந்தவர்களும் நினைவில் நிற்க, இடைப்பட்ட நாட்களில் சாலைகளை மறித்தவர்கள் மறக்கப்படுகின்றனர். இம்மூன்றாமவனின் பங்கை 1758–59ஆம் ஆண்டுச் சென்னை முற்றுகையின்வழி மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. முற்றுகையின் பின்புலம்

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையை எளிதில் கைப்பற்றினர். ஐரோப்பாவில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி 1749இல் அது ஆங்கிலேயரிடம் மீண்டது. அத்தோல்வி கற்பித்த பாடத்தால், கோட்டையின் கொத்தளங்களும் அகழியும் அடுத்த பத்தாண்டில் புதுக்கப்பட்டன. கணிதவியலறிஞரான பெஞ்சமின் ராபின்ஸ் வகுத்த திட்டம் இப்பணிக்கு அடிப்படையாயிற்று. முற்றுகையின்போது ஜான் கால் தலைமைப் பொறியாளராக இருந்தார்.

ஏழாண்டுப் போர் தமிழகக் கடற்கரைக்குப் பரவியபோது, லாலி 1758 ஏப்ரல் 28ஆம் நாள் புதுச்சேரி வந்திறங்கினார். ஜூன் 2ஆம் நாள் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டை அவரிடம் பணிந்தது. ஆயினும் சென்னைமேல் செல்லப் பொருள் இல்லை. பொருள் தேடி அவர் தஞ்சைமீது படையெடுத்தார். நாகூர் கொள்ளையிடப்பட்டது, தஞ்சைக் கோட்டை பணியவில்லை. வெடிமருந்தும் உணவும் குன்றவே ஆகஸ்டில் பிரெஞ்சுப் படை திரும்பியது. இந்நிகழ்ச்சியின் விளைவு இரண்டு. ஒன்று, சென்னைமேல் செல்ல உகந்த கோடைகாலம் கழிந்தது. மற்றொன்று, தஞ்சை அரசு லாலிக்குப் பகையாயிற்று.

செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் தஷே தம் கப்பல்களோடு மொரீசியசுக்குச் சென்றுவிட்டார். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும் காலத்தில் துறைமுகமற்ற சோழமண்டலக் கரையில் பெருங்கப்பல்கள் நிற்க இயலாது. ஆதலின் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் போகாக்கும் பம்பாய்க்குச் சென்றார். இரு கடற்படைகளும் இல்லாத இந்த இடைவெளியே லாலிக்குக் கிடைத்த வாய்ப்பு. அதற்கு எல்லையும் அதுவே. ஆங்கிலேயக் கப்பல்கள் திரும்புவதற்குள் கோட்டை விழவேண்டும். எனவே இம்முற்றுகையின் ஒவ்வொரு நாளும் விலையுடையது.

3. முற்றுகையின் போக்கு

டிசம்பர் 12ஆம் நாள் லாலியின் படை சென்னையை நெருங்கியது. ஏறத்தாழ 3,000 ஐரோப்பியரும் பல ஆயிரம் சிப்பாய்களும் அதில் இருந்தனர். கோட்டைக்குள் இருந்தோர் தொகையை ராபர்ட் ஓர்ம் தம் வரலாற்றில் தருகிறார்: ஐரோப்பியர் அணிகளில் 1,758 பேர், சிப்பாய்கள் 2,220 பேர். ஆளுநர் ஜார்ஜ் பிகட் பொறுப்பில் இருக்க, ஸ்டிரிங்கர் லாரன்ஸ் படையை நடத்தினார்.

டிசம்பர் 14ஆம் நாள் பிரெஞ்சுப் படை கோட்டைக்கு வடக்கேயிருந்த கறுப்பர் நகரத்துள் புகுந்தது. வீடுகளும் பண்டகசாலைகளும் சூறையாடப்பட்டன. கிடைத்த சாராயத்தால் படையின் ஒழுங்கு குலைந்தது. அந்நிலையை அறிந்து டிரேப்பர் ஏறத்தாழ 500 பேருடன் கோட்டையிலிருந்து வெளியேறித் தாக்கினார். தெருக்களிடையே நடந்த சண்டையில் இருபக்கமும் பெருஞ்சேதம் நேர்ந்தது. பிரெஞ்சுத் தளபதி டெஸ்டாங் சிறைப்பட்டார். டிரேப்பரின் படை கோட்டைக்குத் திரும்பும் வழியை புஸ்ஸி மறிக்கத் தவறினார் என்பது பின்னர் லாலிக்கும் அவருக்கும் இடையே தீராத பூசலாயிற்று.

இதன்பின் முற்றுகை, ஐரோப்பியப் பொறியியல் முறைப்படி நடைபெற்றது. வடபுறத்தில் பீரங்கி மேடைகள் அமைக்கப்பட்டு, 1759 ஜனவரி 2ஆம் நாள் குண்டுவீச்சு தொடங்கியது. மேடைகளிலிருந்து வளைந்து வளைந்து செல்லும் அகழிகள் கோட்டையை நோக்கி வெட்டப்பட்டன. ஆங்கிலேயரின் பழைய கல்லறைத் தோட்டமும் (பின்னாளில் சட்டக் கல்லூரி அமைந்த இடம்) முற்றுவோருக்கு மறைவிடமாயிற்று. கோட்டையிலிருந்து 26,000க்கு மேற்பட்ட பீரங்கிக் குண்டுகளும் ஏறத்தாழ 7,500 வெடிகுண்டுகளும் எறியப்பட்டன என்பது ஓர்ம் தரும் கணக்கால் விளங்குகிறது. மதிலில் உடைப்பு ஏற்பட்டபோதும், அதன்வழி ஏறுவது இயலாதென பிரெஞ்சுப் பொறியாளர்களே கூறினர்.

எண்ணிக்கை இங்குக் கருதத்தக்கது. கோட்டைக்குள் ஏறத்தாழ 4,000 பேர் இருந்தனர். முற்றிய படை அதனினும் மிகப் பெரிதன்று. அகழி வெட்டல், பீரங்கி இயக்கல், காவல் நிற்றல், கோட்டையினின்று வெளிப்படுவோரைத் தடுத்தல் ஆகிய அனைத்திற்கும் அதே ஆட்களே வேண்டும். அப்படையிலிருந்து ஒரு பகுதி வேறிடம் செல்ல நேர்ந்தால் அகழிப்பணி தளரும். செங்கற்பட்டுப் படையின் பணி இந்த நிலையில்தான் பொருள் பெறுகிறது.

4. செங்கற்பட்டுப் படை

பாலாற்றங்கரைக்கு அருகே, சென்னைக்குத் தென்மேற்கில் அமைந்த செங்கற்பட்டுக் கோட்டை ஆங்கிலேயர் வசம் இருந்தது. சென்னைமேல் சென்ற லாலி அதனைப் பிடிக்காமல் கடந்தார். பருவமழையும் பொருட்குறையும் அவரை விரைவுபடுத்தின. விரைவு கருதிச் செய்த இத்தேர்வே பின்னர் அவர் நாட்களைத் தின்றது. புதுச்சேரியிலிருந்தும் ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்தும் சென்னை முற்றுகைக் களத்திற்கு வரும் வழிகளைத் தாக்குவதற்குச் செங்கற்பட்டு ஏற்ற இடம். அங்கிருந்த படைக்குப் பிரெஸ்டன் தலைவர்.

தெற்கிலிருந்து அவரோடு வந்து சேர்ந்தவர் முகம்மது யூசுப்கான். இராமநாதபுரச் சீமையிற் பிறந்து, மருதநாயகம் என்ற பெயரோடு இணைத்துப் பேசப்படும் அவர், 1750களின் திருச்சிராப்பள்ளிப் போர்களில் சிப்பாய்ப் படையை நடத்திப் புகழ்பெற்றவர். மதுரைச் சீமையின் பொறுப்பிலும் இருந்தவர். அவருடன் ஏறத்தாழ 2,000 சிப்பாய்கள் வந்தனர். புதுக்கோட்டைத் தொண்டைமானும் குதிரைவீரரை அனுப்பினார். தஞ்சை அரசிடம் குதிரைப்படை பெறுவதற்காகக் கயோ என்னும் ஆங்கிலேயத் தளபதி தஞ்சை சென்று, பின்னர் செங்கற்பட்டை அடைந்து தலைமை ஏற்றார். ஆகவே சென்னைக் கோட்டையின் மீட்புக்கு உதவிய இப்படையின் பெரும்பகுதி சிப்பாய்களும் நாட்டுக் குதிரைவீரர்களுமே.

இப்படை முற்றுகையை நேரடியாக உடைக்கும் அளவு வலியதன்று. அதன் பயன் வேறு வகையினது. அதனை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, உணவும் பொருளும் தடைப்பட்டமை. பிரெஞ்சு முகாமுக்கு அரிசியும் மாடுகளும் சுற்றுவட்ட ஊர்களிலிருந்து வரவேண்டும். அவ்வழிகள் பாதுகாப்பற்றனவாயின. லாலியின் கருவூலம் தொடக்கத்திலேயே வறிது. வீரருக்கு ஊதியம் நிலுவையில் இருந்தது. இந்நிலையில் உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்ததால் படையின் மனவுறுதி குன்றியது.

இரண்டாவது, ஆள் பிரிந்தமை. செங்கற்பட்டுப் படை பரங்கிமலை வரை வந்து தாக்கும், எதிர்க்கப்பட்டால் பின்வாங்கும், மீண்டும் வரும். ஒவ்வொரு முறையும் லாலி ஒரு பிரிவை அகழிகளிலிருந்து எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது.

மூன்றாவது, காலம் கழிந்தமை. பிப்ரவரி 9ஆம் நாள் பரங்கிமலையில் நடந்த போர் இதற்குச் சான்று. கயோ, யூசுப்கான், பிரெஸ்டன் ஆகியோரின் படையை ஒழித்துவிடும் நோக்கில் லாலி ஒரு பெரும் பிரிவை அனுப்பினார். ஆங்கிலேயர் பக்கத்துக் குதிரைப்படை நிலைகுலைந்தது. ஆயினும் காலாட்படை மாலைவரை தன் நிலையைக் காத்தது. அதன்பின் வெடிமருந்து குறைந்தமையால் செங்கற்பட்டுக்கே திரும்பியது. களத்தின் கணக்குப்படி இது வெற்றியென்றோ தோல்வியென்றோ அறுதியிட்டுச் சொல்லத்தக்கதன்று. முற்றுகையின் கணக்குப்படி அதன் மதிப்பு வேறு. கப்பல்கள் வருவதற்கு ஒரு வாரமே எஞ்சியிருந்தபோது, லாலியின் சிறந்த படைப்பிரிவொன்று மதிலைவிட்டு அகன்று போரிட்டுக் களைத்தது.

5. கடல்வழி வந்த மீட்பு

கடலின் பங்கைக் குறைத்து மதிப்பிடுதல் பொருந்தாது. கோட்டையின் கிழக்குப்புறம் கடலுக்குத் திறந்திருந்தது. கோட்டையுள் அடைக்கலம் புகுந்திருந்த நவாப் முகம்மதலி டிசம்பரிலேயே கடல்வழியாக நாகப்பட்டினம் சென்றார். அதனால் உண்ணும் வாய்களும் குறைந்தன. ஜனவரி 30ஆம் நாள் ஷாப்ட்ஸ்பரி என்னும் கப்பல் பணமும் போர்ப்பொருளும் கொண்டு வந்தது. சென்னைக் கரையில் பெருங்கப்பல் அணையாது. அலை மறியும் கரையைக் கடந்து ஆளையும் பொருளையும் இறக்குவதற்கு மசூலாப் படகுகளும், செய்தி கொண்டுசெல்லக் கட்டுமரங்களுமே வழி. கடல்வழி மீட்பும் இவ்வகையில் கரையோர மீனவர்களின் கைத்திறனைச் சார்ந்திருந்தது.

பிப்ரவரி 16ஆம் நாள் மாலை, ஆறு ஆங்கிலேயக் கப்பல்கள் தென்பட்டன. டிரேப்பரின் படையணியைச் சேர்ந்த ஏறத்தாழ 600 பேர் அவற்றில் இருந்தனர். அன்றிரவே லாலி முற்றுகையை நீக்கினார். 17ஆம் நாள் காலையில் அகழிகள் வெறிச்சோடிக் கிடந்தன. ஏறத்தாழ 50 பீரங்கிகள் கைவிடப்பட்டன. நோயுற்றோரும் காயமுற்றோருமாகிய சில வீரர்களை விட்டுச்சென்ற லாலி, அவர்களைப் பேணுமாறு வேண்டி ஆங்கிலேய ஆளுநருக்கு மடல் விடுத்திருந்தார்.

இங்கு ஒரு வினா எழுகிறது. 600 பேர் கரையிறங்குமுன்பே, ஒரு குண்டும் வீசப்படாத நிலையில், இரண்டு மாதம் உழைத்த படை ஓரிரவில் விலகியது ஏன்? உணவும் ஊதியமும் நிறைந்த படையாயின், உடைப்பின்வழி இறுதித் தாக்குதலை முயன்றிருக்கக்கூடும். அம்முயற்சிக்குரிய வலிமை லாலியின் படைக்கு அன்று இல்லை. கப்பல்களின் தோற்றம், ஏற்கெனவே தளர்ந்திருந்த ஒரு முயற்சிக்கு முற்றுப்புள்ளி வைத்தது. தளர்ச்சிக்குக் காரணமானவை பொருளின்மை, கோட்டையின் உறுதி, செங்கற்பட்டுப் படை ஆகிய மூன்றும் ஆம். முதலிரண்டும் வரலாற்றாசிரியர்களால் போதிய அளவு பேசப்பட்டவை. மூன்றாவது அவற்றுக்கு இணையாக வைத்துப் பேசப்பட வேண்டும்.

6. ஒப்பீடு: புதுச்சேரியும் மதுரையும்

மேற்கூறிய முடிபை இரு எதிர்ச்சான்றுகளால் சோதிக்கலாம்.

1760 ஜனவரி 22ஆம் நாள் வந்தவாசியில் தோற்ற லாலி, அவ்வாண்டின் இறுதியில் புதுச்சேரிக்குள் தாமே முற்றப்பட்டார். அவருக்கும் கடல்வழி மீட்பில் நம்பிக்கை இருந்தது. தஷேயின் கப்பல்கள் வரவில்லை. நிலவழித் துணையும் ஒருகால் கிட்டியது. மைசூர் ஹைதர் அலி அனுப்பிய படை 1760இல் வந்து உணவுப்பொருள் சிறிது சேர்த்தது. ஆனால் மைசூரில் ஹைதருக்கே நெருக்கடி ஏற்பட்டதால் அப்படை திரும்பிச் சென்றது. புதுச்சேரிக்கு ஒரு செங்கற்பட்டு வாய்க்கவில்லை. 1761 ஜனவரி 1ஆம் நாள் வீசிய புயலில் ஆங்கிலேயக் கப்பல்கள் சில அழிந்தன. இயற்கையே தந்த அந்த இடைவெளியைப் பயன்படுத்தவும் வெளியே எவரும் இல்லை. சில நாட்களில் கடற்காவல் மீண்டும் இறுகியது. ஜனவரி 16ஆம் நாள் நகரம் பணிந்தது. 1736 முதல் புதுச்சேரியின் நடப்புகளை நாட்குறிப்பில் எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை மறைந்ததும் அதே மாதத்தில்தான்.

மற்றொரு சான்று இன்னும் கூர்மையானது. செங்கற்பட்டில் முற்றுவோனின் முதுகைத் தாக்கிய யூசுப்கான், நவாபோடும் ஆங்கிலேயரோடும் முரண்பட்டு, 1763இல் மதுரைக் கோட்டைக்குள் தாமே முற்றப்பட்டார். முன்னாள் தோழரான பிரெஸ்டன் இப்போது முற்றுகைப் படையில் இருந்தார். 1764இல் மதுரைத் தாக்குதலில் காயமுற்று இறந்தார். யூசுப்கான் முதல் முற்றுகையை முறியடித்தார். இரண்டாம் முற்றுகையிலும் நேர்த்தாக்குதலால் கோட்டை விழவில்லை. ஆனால் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் 1763இல் ஏற்பட்ட சமாதானத்தால் பிரெஞ்சு உதவிக்கு வழியில்லை. வெளியே துணைப்படையும் இல்லை. உணவு அற்ற நிலையில், 1764 அக்டோபரில் உள்ளிருந்தோரே அவரைப் பிடித்துக் கொடுத்தனர். அக்டோபர் 15ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். கான்சாகிபு சண்டை என்னும் கதைப்பாடல் பாடுவது இம்மதுரைப் போரைத்தான். சென்னையைக் காக்க அவர் ஆற்றிய பணி மக்கள் வழக்கில் அத்துணை விளக்கம் பெறவில்லை.

மூன்று கோட்டைகளிலும் காப்போரின் துணிவுக்குக் குறைவில்லை. வேறுபாடு மதிலுக்கு உள்ளே அன்று, வெளியே அமைந்தது. இடைவிடாது இயங்கிய துணைப்படை ஒன்று வெளியே இருந்த சென்னை நிலைத்தது. அது வந்து நீங்கிய புதுச்சேரியும், அறவே இல்லாத மதுரையும் வீழ்ந்தன.

7. மீட்கப்படாதோர்

மீட்பு என்னும் சொல், யாருக்கு மீட்பு என்னும் வினாவையும் உடன்கொண்டுவருகிறது. 1757இல், கோட்டையை வலுப்படுத்தும் பணியின்போது, அதன் வடக்கேயிருந்த பழைய நகரத்தின் சென்னகேசவப் பெருமாள் கோயில் இடிக்கப்பட்டது. முற்றுகைக்குப் பின்னரே அக்கோயில் வேறிடத்தில் மீண்டும் எழுந்தது. 1758 டிசம்பரில் சூறையாடப்பட்டவை முத்தியாலுப்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பகுதிகளின் வீடுகளும் கடைகளுமே. அம்மக்கள் கோட்டைக்குள்ளும் இல்லை; கப்பல்கள் வந்தபோது அவர்களுக்கு மீளத்தக்கதும் இல்லை. புதுச்சேரியிலோ நிலை இன்னும் கொடிது. உணவு குறைந்ததும் லாலி நகரத்து மக்களுள் ஏறத்தாழ 1,400 பேரை 1760 நவம்பரில் வெளியேற்றினார். முற்றியிருந்தோரும் அவர்களைக் கடந்துசெல்ல விடவில்லை. ஒரு வாரம் அவர்கள் இருபடைக்கும் இடையே, மதிலுக்கும் அகழிக்கும் நடுவே, பட்டினி கிடந்த பின்னரே வழிவிடப்பட்டனர்.

முற்றுகையின் தடத்தைச் சென்னையின் நில அமைப்பிலும் காணலாம். கோட்டைக்கு எதிரே மறைவிடமே இருத்தல் ஆகாது என்ற பாடத்தால் வடபுறம் வெட்டவெளியாக்கப்பட்டது. எஸ்பிளனேடு என்ற பெயர் அதன் எச்சம். கட்டடம் எழுப்பக்கூடாத எல்லையைக் காட்ட நாட்டிய தூண்களுள் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது. கல்லறைத் தோட்டமும் அகற்றப்பட்டது. ஹைதர் அலியின் படையெடுப்புக்குப் பின் கறுப்பர் நகரத்தைச் சுற்றியும் மதில் எழுந்தது. வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் அம்மதிலுக்காக எண்ணப்பட்ட வரியை நினைவூட்டுகிறது. நகரத்து மக்களுக்கு மதில் வேண்டும் என்ற எண்ணம், அவர்கள் அனைத்தையும் இழந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே செயலாயிற்று.

8. முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படுவன வருமாறு.

புனித ஜார்ஜ் கோட்டையின் மீட்பு பிப்ரவரி 16ஆம் நாள் மாலையில் நிகழ்ந்த ஒரு வருகையன்று. அது 1758 டிசம்பர் முதல் தொடர்ந்து நடந்த ஒரு பணியின் நிறைவு.

அப்பணியின் நிலக்கூறு செங்கற்பட்டில் அமைந்தது. அதனை ஆற்றியவர்களுள் பெரும்பாலோர் யூசுப்கானின் சிப்பாய்களும் தமிழக அரசுகளின் குதிரைவீரர்களும் ஆவர்.

மீட்புப்படையின் வலிமையை அது பெற்ற களவெற்றிகளால் மட்டும் அளத்தல் கூடாது. முற்றுவோனிடமிருந்து அது பறித்த நாட்களாலும் அளத்தல் வேண்டும்.

உழிஞையும் நொச்சியும் காட்டும் அகத்தோன், புறத்தோன் என்னும் இரட்டைப் பார்வையோடு, முதுகுப்புறத்தே நின்ற துணைவனையும், இருவருக்கும் இடையே அகப்பட்ட ஊராரையும் சேர்த்துக் கற்கும்போதே பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் கோட்டைப் போர்கள் முழுமையாக விளங்கும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் கதைப்பாடல்களும் ஆங்கிலேய, பிரெஞ்சு ஆவணங்களோடு ஒருங்குவைத்துப் படிக்கப்படுதல் அதற்கு முதற்படியாகும்.